மூக்கை வெட்டி வைத்துவிட்டுப் போனவர்

சேகர் தம்பியிடமிருந்து போன் வந்தபோது ஒரு வேனின் பின்சீட்டுக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, அண்ணன் போயிட்டாரு" என்றார். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான அண்ணன் ஒருவர்தான். துக்கச் செய்தி கேட்டால் மனிதர்களுக்கு அழுகை வரும். எனக்குக் கோபம்தான் வந்தது. "மூக்க வெட்டிப் போட்டுட்டா போயிட்டாரு?" என்று கத்தினேன். கடையில் நின்றிருந்த வேன்காரர் பயந்துபோய் இரண்டடி தள்ளி நின்றார்.

மறுமுனையில் சேகர் தம்பி அழுதுகொண்டே, "ஆமாக்கா, அப்பிடியேதான் கெடக்குது" என்றார்.

மூக்கு என்று நான் சொன்னது வண்டியின் மூக்கை. பானெட்டின் முன்பகுதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதை அந்த வாரம்தான் மறுபடியும் ரம்பம் போட்டு அறுத்து வைத்திருந்தார். அன்று காலையில் தவளக்குப்பம் முனையில் டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர், டீ வருவதற்குள் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. கலியமூர்த்தி அவர்கள் வீராம்பட்டினத்துக்காரர். மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் போடுவதில் கைதேர்ந்தவர். கடலூர் ரோட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில், பழைய ஹெரால்டு கார்களின் சேசிஸ் மேல் பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உடம்பைக் கட்டி உட்கார வைத்தவர். எஞ்சினும் சேசிஸும் சேகர் தம்பியின் பொறுப்பு. சீட்டு, மேல்துணி, கதவின் உள்பக்கம் எல்லாம் என் பொறுப்பு. மூன்று பேரும் சேர்ந்து வண்டி கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு பேர் கட்டினோம், ஒருவர் கட்டியதை வெட்டிக்கொண்டே இருந்தார். அடுத்தவர்களுக்கென்று அவர் முடித்துக் கொடுத்த வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தனக்கென்று கட்டிய ஒன்றை மட்டும் முடிக்காமலே போய்விட்டார்.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது ஒரு தண்ணீர்த் தொட்டியால். கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் மதாம் என்று எல்லோரும் அழைத்த வயதான அம்மாள் ஒருவர் இருந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கப்பலில் கொண்டுவந்த நீல நிறத் திறந்த கார் ஒன்று, அவர் காலமான பின் கொட்டகையில் கிடந்தது. இரண்டே சீட்டு. மாடியில் இருந்த ஃபைபர் தொட்டி ஒழுகுகிறது என்று அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். தொட்டியைப் பார்க்கப் போனவர் காரைப் பார்த்துவிட்டார். அதை மறுபடி பிரான்சுக்கே விற்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், போவதற்கு முன் அதன் மேல் ஒரு அச்சு எடுத்துக்கொள்கிறேன் என்று மதாமிடம் கெஞ்சியிருக்கிறார். படகுக்கு எடுப்பதுபோலத்தான். மெழுகு பூசி, ஃபைபர் போட்டு, காய்ந்ததும் கழற்றி எடுத்தார். வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. மதாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாராம். கடைசியில், "மூர்த்தி, செஞ்சா அதே மாதிரி செய். வேற மாதிரி செஞ்சு எங்க மிசியே பேர கெடுக்காத" என்று சொன்னாராம். மிசியே என்றது அவர் கணவரை.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அண்ணன் எங்களைப் படாதபாடு படுத்திய கதையைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

என் கடைக்கு அவர் முதலில் வந்தபோது கையில் அந்தக் காரின் சீட்டுப் படம் இருந்தது. எத்தனை மடிப்பு, மடிப்புக்கு மடிப்பு என்ன இடைவெளி என்று சொல்லிக்கொண்டே போனார். நான் வழக்கம்போல் என் கைக்கணக்கில் தைத்துக் கொடுத்தேன். அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நூலு அதிகமா கெடக்குது, பிரிச்சுடும்மா" என்றார். ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம். அதற்காக முழு சீட்டையும் பிரிக்கச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். கடவுள் புண்ணியத்தில் அப்படி வேறு ஒருவரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

முதல் வண்டி கருவடிக்குப்பத்து டாக்டர் ஒருவருக்குப் போனது. பார்ப்பதற்குப் பாய்ந்து வரும்போலத்தான் இருந்தது. உள்ளே இருந்ததோ ஹெரால்டின் சின்ன எஞ்சின். புலித்தோல் போர்த்திய பசு. ஆனாலும் அழகென்றால் அழகு. டாக்டரிடம் ஒப்படைப்பதற்கு முன் அண்ணன் தம் மனைவி அஞ்சலை அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று போய் வந்தார். அண்ணிக்கு மீன் வியாபாரம். ஆள் குட்டையாக இருப்பார், குரல் மட்டும் மார்க்கெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்கும். அன்று திரும்பி வந்தபோது அண்ணன் முகம் தொங்கிப்போயிருந்தது. புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கென்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த வருஷம் மழை பிடித்ததும் டாக்டர் போன் செய்தார். "மூர்த்தி, காருக்குள்ள கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்குது." போய்ப் பார்த்தால், அடித்தளத்தில் ஒரு ஓட்டைகூட விடாமல் இழைத்து ஃபைபர் போட்டு வைத்திருக்கிறார் இவர். கீழே இருந்து சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. மேலிருந்து விழுந்த தண்ணீர் வெளியேயும் போகாது. படகுக்காரர் கட்டிய கார் வேறெப்படி இருக்கும்! "வடியறதுக்கு ஓட்டை வெக்க வேணாமா?" என்று சேகர் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் அசரவில்லை. டாக்டர் வீட்டுக் குளியலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மக்கை வாங்கி வந்து சீட்டுக்கடியில் வைத்துவிட்டு, "தண்ணி ஏறினா எறைச்சு ஊத்த வேண்டியதுதான் சார். கடல்ல நாங்க அப்பிடித்தான் பண்றோம்" என்றார். டாக்டர் அவரைப் பார்த்தார், மக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மறுநாள் அண்ணனுக்குத் தெரியாமல் சேகர் தம்பிதான் போய் ஓட்டை போட்டுவிட்டு வந்தார். தெரிந்திருந்தால் அதற்கும் மதாமை இழுத்திருப்பார்.

ஆமாம், எதற்கெடுத்தாலும் மதாம்தான். வாட்டசாட்டமான ஒருவர் வண்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தார், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கொஞ்சம் நீட்டித் தரமுடியுமா என்று கேட்டார். "வண்டி சரியாத்தான் சார் இருக்குது. நீங்கதான் ரெண்டு அங்குலம் எக்ஸ்ட்ரா" என்றார் அண்ணன். அந்த மனிதர் போனவர் போனவர்தான். இன்னொருவர் தம் அம்மாவுக்கு உயரம் போதவில்லை, முன்னால் எதுவும் தெரியவில்லை என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "அதே ரெக்சின்ல தலகாணி மாதிரி ஒண்ணு தச்சுக் குடுத்துடறேண்ணே" என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "தலகாணி போட்டு ஒக்கார்றதுக்கு இது என்னா மாட்டு வண்டியா? மதாமுக்கு வாக்கு குடுத்திருக்கேன். அச்சுல இன்னா இருக்குதோ அதான் வண்டி!" அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. சீட்டு வேலை இருந்தால் சேகர் தம்பியிடம் சொல்லி அனுப்புவார். நானும் விடுவேனா, பதிலை சேகர் தம்பியிடமே சொல்லி அனுப்பினேன். நடுவில் மாட்டிக்கொண்டு அவர் விழித்ததுதான் மிச்சம்.

இப்படி ஊரார் வண்டியெல்லாம் ஓடியது. கட்டியவர் வீட்டில் ஒரு ஓட்டை மொபெட். அதன் பின்னால் மீன் அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி. கொட்டகைக்கு வரும்போதெல்லாம் கேட்பார்: "ஊருக்கெல்லாம் கட்டிக் குடுக்கற, என்னைய என்னைக்காவது ஒரு நாளு பீச்சு ரோட்டுல கூட்டிட்டுப் போவியாய்யா?" கேட்பது விளையாட்டுப்போல இருக்கும், ஆனால் ஒரு தடவைகூட கேட்காமல் போனதில்லை. அண்ணன் ஒரே பதில்தான் சொல்வார்: "நம்மளுக்குன்னு ஒண்ணு கட்டறேன். முடியட்டும்."

விழுப்புரம் பக்கம் ஒரு தோப்பில் கிடந்த ஹெரால்டு சேசிஸைக் கொண்டுவந்து, சொன்னபடி தொடங்கினார். மற்ற வண்டிகளெல்லாம் ஆறு மாதம், எட்டு மாதத்தில் முடிந்தவை. இதுவும் உருவாகி, நீலம் அடித்து, ஓடவும் ஓடியது. அடுத்த வாரம் பீச்சு ரோடு என்று அண்ணி புதுப் புடவை எடுத்து வைத்தார். அந்த வாரம்தான் அண்ணன் முதல் தடவையாக ரம்பத்தைக் கையில் எடுத்தார்.

பானெட்டின் மூக்கை அறுத்துத் தாழ்த்தினார். தாழ்த்தியதும் ரேடியேட்டர் முட்டியது. சேகர் தம்பி ரேடியேட்டரைச் சாய்த்து வைத்தார், வண்டி சூடானது. மறுபடி மூக்கை உயர்த்தினார். பிறகு வேறு மாதிரி தாழ்த்தினார். என்னிடம் வந்து, இடப்பக்கச் சீட்டை மட்டும் உயர்த்தித் தைக்கச் சொன்னார். தைத்தேன். கொஞ்சம் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். மறுபடி ஏற்றச் சொன்னார். "வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணா? கண்ணு ரெண்டும் வேற வேற மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டேன். "சும்மா தையேம்மா, கேள்வி கேக்காத" என்றார். சீட்டு உயர்ந்ததும் முன்கண்ணாடிச் சட்டத்தை மாற்றினார். சட்டம் மாறியதும் என் மேல்துணி பொருந்தவில்லை. கிழித்துவிட்டுப் புதிதாகத் தைத்தேன். எனக்கு எரிந்த எரிச்சலுக்கு அந்த ஊசியாலேயே அவருக்கு நாலு தையல் போட்டிருப்பேன்.

இதில் இன்னொரு கூத்து. ஒரு நாள் கொட்டகைக்குள் போகிறேன், இடப்பக்கச் சீட்டில் ஒரு மணல் மூட்டை உட்கார்ந்திருக்கிறது. மூட்டை மேல் அண்ணியின் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறார் அண்ணன். அதன் பின்னால் கழுத்தை மடக்கிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி ரோட்டைப் பார்க்கிறார். "இன்னாண்ணே இது?" என்றேன். திருடன் மாதிரி துள்ளி எழுந்து, "ஸ்பிரிங்கு டெஸ்ட்டு" என்றார். ஸ்பிரிங்குக்கு மூட்டை சரி, அன்னக்கூடை எதற்கு? வாசலிலிருந்து அண்ணியின் குரல் வேறு: "என் கூடைய எங்கய்யா வெச்ச? யாவாரத்துக்கு நேரமாவுது!" புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

வருஷங்கள் போயின. நடுவில் வந்த ஆர்டரையெல்லாம் திருப்பி அனுப்பினார். சேகர் தம்பி வெறுத்துப்போய் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார், மனசு கேட்காமல் திரும்பி வந்தார். "அந்த மனுசன் வண்டி கட்டலக்கா, தவம் பண்றாரு" என்பார். அண்ணி கேட்பது மெல்லக் குறைந்தது. புதுப் புடவையை அவரே யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு நெஞ்சு பொறுக்காமல் அந்தக் கடைசி வாரத்தில் நேரடியாகவே கேட்டேன். "அதே மாதிரி, அதே மாதிரின்னு எங்க உயிர வாங்கினீங்களே, இப்ப இது மதாம் வண்டி மாதிரியா இருக்குது? மூக்கு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம்! அந்த அம்மாவுக்குக் குடுத்த வாக்கும் போச்சு, அண்ணிக்குக் குடுத்த வாக்கும் போச்சு!"

தலையைக் குனிந்துகொண்டே அறுத்தார். தூசி பறந்தது. ரம்பத்தை நிறுத்திவிட்டு, "இதான் கடேசி வெட்டும்மா" என்றார். அவர் சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான்.

காரியங்கள் வீராம்பட்டினத்தில் முறைப்படி நடந்தன. பதினாறாம் நாள் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கொட்டகையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இடத்துக்காரர் காலிபண்ணச் சொல்கிறார், அந்த மூக்கறுந்த வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்தார். "ஒரு வாட்டி நா அதுல பீச்சு ரோட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன். அப்புறம் எடைக்குப் போடு, இல்ல எரிச்சுடு" என்றார். பதினாறு முடிந்த கையோடு கார் சவாரியா, ஊர் என்ன பேசும் என்று ஒருவர் கேட்டார். "ஊருக்கா வாக்கு குடுத்தாரு? எனக்குத்தான் குடுத்தாரு" என்றார் அண்ணி.

எனக்கும் சேகர் தம்பிக்கும் ஃபைபர் வேலை தெரியாது. படகு கட்டும் ஆட்கள் இருவரை அழைத்து வந்தோம். அண்ணன் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டின்மேலேயே அவர்கள் மூக்கை ஒட்டினார்கள். பெயின்ட் அடிக்க நேரமில்லை. நீல வண்டி, வெள்ளை மூக்கு. அவர் பார்த்திருந்தால் அதையும் வெட்டியிருப்பார்.

மறுநாள் காலையில் அண்ணி வந்தார். அக்குளில் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் படுக்கும் தலையணை, பூப்போட்ட உறை. "எதுக்கண்ணி?" என்றேன்.

"போட்டு ஒக்காரத்தான். டாக்டர் வண்டியில அன்னைக்கு என்னா தெரிஞ்சுது எனக்கு? வண்டி மூக்கும் வானமும்தான் தெரிஞ்சுது. அந்தாளுகிட்டயும் அதத்தான் சொன்னேன். 'எப்பிடி இருக்குது அஞ்சல'ன்னு கேட்டாரு. 'என்னாத்த சொல்ல, கெணத்துக்குள்ள ஒக்காந்தாப்புல இருக்குது, ரோடே தெரியல, உன் வண்டி நீயே வெச்சுக்க'ன்னேன்."

சேகர் தம்பி கதவைத் திறந்தார். தலையணையைப் போடுவதற்கு முன், கால் எட்டுகிறதா என்று பார்க்க அண்ணி சும்மா ஒருமுறை உட்கார்ந்தார். பாதம் இரண்டும் தரையில் சமமாகப் பதிந்தன. முதுகு சாய்ந்தது. நிமிர்ந்து முன்னால் பார்த்தார்.

"ரோடு தெரியுதும்மா" என்றார்.

நான் அவர் தலைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். கண்ணாடிச் சட்டம் கண்ணை மறைக்கவில்லை. மூக்கு அவர் பார்வைக்குக் கீழே ஒதுங்கி நின்றது. அதற்கு அந்தப் பக்கம் கடலூர் ரோடு, டீக்கடை, அண்ணன் சாய்ந்த பெஞ்சு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மணல் மூட்டை எதற்கு, அன்னக்கூடை எதற்கு, இடப்பக்கச் சீட்டு எதற்கு, எல்லாம் ஒரே நேரத்தில் எனக்குப் புரிந்தது. அண்ணியின் உடம்புக்கு மூட்டை, தலைக்குக் கூடை. சேகர் தம்பிக்கும் புரிந்துவிட்டது. அவர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணிக்குக் கடைசியில்தான் புரிந்தது. "நா ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன்" என்றார். "அன்னைக்கு மீனு போணியாகல, அந்தக் கோவத்துல சொன்னேன். எனக்கே நெனப்பில்ல. அதுக்கா இத்தினி வருசம்? அதுக்கா?" மார்க்கெட் முழுவதும் கேட்கும் குரல், அன்று பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. ஒரு தலையணை தைத்துக் கொடுத்திருப்பேனே. ஒரே மதியத்தில் முடிந்திருக்கும். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவரே ஓட்ட, அண்ணி அந்தப் புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். மாட்டு வண்டியா என்று என்னைத் திட்டிய வாயால் தலையணை கேட்க முடியவில்லை அவருக்கு. ஒரு நூல்கூட மாறக்கூடாது என்று ஊருக்கே சட்டம் போட்டவர், பெண்டாட்டிக்காக மாற்றுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, எங்கள் முன்னால் பைத்தியக்காரப் பட்டத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு வீம்பு எங்கேயாவது உண்டா?

சேகர் தம்பி வண்டியை எடுத்தார். "இத நீ வெச்சுக்க" என்று அண்ணி தலையணையை என்னிடம் நீட்டினார். இரண்டே சீட்டு வண்டி, நான் எங்கே உட்காருவது? தலையணையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்தச் சின்ன எஞ்சினுக்குப் பின்னால் போக நான் பிரேக் பிடித்துக்கொண்டே போகவேண்டியிருந்தது. முருங்கப்பாக்கம் தாண்டி, ஊருக்குள் நுழைந்து, பீச்சு ரோட்டுக்குத் திரும்பினோம். நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று வெள்ளை மூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மற்ற எந்த வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் அண்ணியின் கொண்டை மட்டும்தான் பின்னாலிருந்து தெரிந்திருக்கும். அன்று தலை முழுவதும் தெரிந்தது, தோளும் தெரிந்தது. ஒரு தடவை கடல் பக்கம் திரும்பினார். ஒரு தடவை ஸ்டியரிங் பக்கம் திரும்பினார். பிறகு கடைசிவரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி எடைக்குப் போகவில்லை. வீராம்பட்டினத்தில் அண்ணி வீட்டுக்குப் பக்கத்தில், படகுகள் நிற்கும் இடத்தில் நிற்கிறது. மூக்குக்கு இன்னும் நீலம் அடிக்கவில்லை, அண்ணி அடிக்க விடவில்லை.

போய் வாருங்கள், அண்ணே. போன இடத்தில், முன்னமே போய்ச் சேர்ந்த மதாமைப் பார்த்தால், வாக்கை எதற்காக மீறினீர்கள் என்று அவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். அங்கேயும் யாருக்காவது வண்டி கட்டினால், யாருக்காக வெட்டுகிறீர்கள் என்று கூட இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுங்கள்.